என் கல்யாண ஓலையும் மரியான் மாமாவின் டீஃபால்ட்டும்

கழக்கூட்டம்,
10 செப்டம்பர் 2013

மதிப்பிற்குரிய மரியான் மாமாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் தங்கை மகன் ஜெஃப்ரின் எழுதுவது. குவைத்தில் நீங்களும் அத்தையும் மகள் ஜின்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். இதையெல்லாம் கடிதத்தில் எழுதும் வழக்கம் எனக்கில்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுத வேண்டியிருக்கிறது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, எடுத்தாலும் பாதியில் "சிக்னல் இல்ல மக்கா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் நாளைக் காலை குவைத்துக்கு விமானம் ஏறும் நண்பன் ஷாஜன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அவன் முன்னால் வைத்தே படியுங்கள். முகம் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊர்க் கோயிலுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். வெளிநாட்டில் இருப்பவர்கள், பூசை யாருக்காக, எதற்காக என்று அங்கிருந்தே பூசைக் கருத்து கொடுக்கலாம். பட்டியலில் இறந்தவர்களுக்கு ஆன்ம இளைப்பாற்றி, நோய் குணமாக, கடல்தொழில் சிறக்க, திருமண வாழ்வு சிறக்க என்று எல்லாம் இருக்கும். ஒன்றைத் தேர்ந்து பெயரை எழுதி அனுப்பினால், ஞாயிறு காலை கணக்கப்பிள்ளை சிலுவைதாசன் அதை அப்படியே அச்செடுத்து மைக்கில் வாசிப்பார். வாராவாரம் தாத்தாவுக்குப் பூசை கொடுக்கிற ஆள் நீங்கள். போன வருடம் நீங்கள்தான் போனில் கேட்டீர்கள்: "லே மக்கா, தாத்தா செத்துப்போனாருன்னு ஒவ்வொரு தடவையும் உனக்க வெப்சைட்டுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? அதுக்கு ஓர்ம நிக்காதா?" உங்கள் ஒருவருக்காக இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வசதியைச் செய்தேன். ஒவ்வொரு கருத்துக்குப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரம். அதைத் தொட்டால் அந்தக் கருத்து உங்கள் டீஃபால்ட். அடுத்த முறை பக்கத்தைத் திறந்ததும் தானாக அதுவே நிற்கும். நீங்கள் ஆன்ம இளைப்பாற்றியைத் தொட்டு வைத்தீர்கள். அதுவரை சரி.

போன ஞாயிறு என் கல்யாணத்துக்கு, மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்கிற ஓலையில் முதல் வாசிப்பு. ஜெனிலாவின் அப்பா ஜெயசிங், நெய்யூர் சி.எஸ்.ஐ. சபைக்காரர், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவர், ஒரு வருடம் யோசித்துப் பெண் தர ஒத்துக்கொண்டவர், ஓலையைத் தன் காதால் கேட்கவேண்டும் என்று வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசை தொடங்குமுன் சிலுவைதாசன் வாசிக்கிறார்: "குவைத்திலிருந்து மரியான் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி, இறந்த ஜெஃப்ரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." என் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். "எந்த ஜெஃப்ரின்?" "வியாகுலம்மாளுக்க மவன்." "அய்யோ மாதாவே, எப்பம்?" நான் திரும்பி, "இன்னும் இல்ல" என்றேன். பூசை முடிந்து சாமியார் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், நம் வலைக்காரத் தெரு பெரியம்மை ஒருத்தி எழுந்து, "சாமி, பய செத்துப்போனான்னு இப்பம்தானே வாசிச்சாவ?" என்கிறாள். கோயிலே சிரித்தது. சிரிக்காதது நான், அம்மா, ஜெயசிங்.

கணக்கப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டால், "சிஸ்டத்துல வந்தத வாசிச்சேன் தம்பி. ஆளக் கொல்லவும் உயிர்ப்பிக்கவும் எனக்கு அதிகாரம் கெடையாது" என்கிறார். வாசலில் ஜெயசிங் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க சபையில செத்தவனுக்கே ஜெபம் கெடையாது. நீங்க உயிரோட உள்ளவனுக்கே தொடங்கியாச்சு. எனக்க மவள விதவையாட்டா கெட்டிக் குடுக்கணும்?" காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஜெனிலாவின் போன் அணைந்தே கிடக்கிறது. இன்னும் இரண்டு ஓலை பாக்கி. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கல்யாணம் இல்லை.

அம்மா சொல்கிறாள், "அண்ணன் நல்லதுக்குத்தான் குடுத்திருப்பான், கண்ணாடி போடாம மாத்தி அனுப்பிட்டான்." நான் நம்பவில்லை. ஆன்ம இளைப்பாற்றி நின்றால் கீழே உள்ள கட்டம் "இறந்தவர் பெயர்" என்று கொட்டை எழுத்தில் கேட்கும். அந்தக் கட்டத்தில் என் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறீர்கள். கண்ணாடி இல்லாமல் என் பெயர் மட்டும் எப்படித் தெரிந்தது? ஜனவரியில் ஜின்சிக்கு என்னைக் கேட்டீர்கள், கூடப் பிறந்தவள் மாதிரி வளர்ந்தவள் என்று நான் மறுத்தேன், "செரி மக்கா, கொள்ளாம்" என்றீர்கள். கொள்ளாம், நல்லதுதான் என்றவர் அதற்குப் பிறகு ஏன் போன் எடுப்பதில்லை? வெப்சைட்டில் கோளாறு என்று மட்டும் சொல்லாதீர்கள். அது சொன்னதைச் செய்தது. சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

இன்றைக்கே நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். திருமண வாழ்வு சிறக்க என்பதைத் தேர்ந்து, உயிருள்ள ஜெஃப்ரின் என்று எழுதி அனுப்புங்கள். ஜெயசிங்குக்கு நீங்களே போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த டீஃபால்ட் வசதியையே பிடுங்கிவிடுவேன். தாத்தா இறந்ததை வாராவாரம் நீங்களே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

அத்தைக்கும் ஜின்சிக்கும் என் அன்பு. மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும் உண்மை பேசும் மனதும் தரட்டும்.

இப்படிக்கு,
இதுவரை உயிரோடிருக்கும் மருமகன்,
ஜெஃப்ரின்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜெனிலா போன் செய்தாள். அவள் அப்பா இரண்டு நாளாகக் குலசேகரம் கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறாராம்: "செத்தவனுக்குப் பண்ணுத ஜெபம் பலிக்காதுன்னு முப்பது வருசமாட்டு சொல்லுதேன், ஒருத்தனும் கேக்கல்ல. இப்பம் கண்ணால கண்டேன். ஒரு கோயிலே சேர்ந்து ஜெபிச்சிருக்கு, பயலுக்கு ஒரு தும்மல் கூட வரல்ல!" எனக்கு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து தெரியாது. இதில் லாஜிக் இல்லையே என்று வாய் எடுத்தேன். லாஜிக் வேண்டுமா, கல்யாணம் வேண்டுமா என்று ஜெனிலா கேட்டாள். இரண்டாம் ஓலைக்கு நெய்யூரிலிருந்து தன் தம்பியையும் சபை மூப்பர்கள் நான்கு பேரையும் வேனில் கூட்டிவருகிறாராம். அவர்களும் காதால் கேட்கவேண்டுமாம்.

ஆகையால் மாமா, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். ஜெயசிங்குக்குப் போன் செய்ய வேண்டாம். நட்சத்திரத்தின் பக்கமே போகவேண்டாம். சனிக்கிழமைக்குள் அதே கருத்தை மறுபடியும் அனுப்புங்கள். இனிஷியலும் சேர்த்து எழுதுங்கள். இறந்தது நான்தான் என்று வேனில் வருகிறவர்களுக்குச் சந்தேகமே இருக்கக்கூடாது.