திராட்சைப் பந்தலுக்குள் மனுதாரர்

காசு வாங்காமல் உதவி செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அப்படிச் சந்தேகப்பட்டதில் ஒருமுறை நல்ல சேலை ஒன்றும், என் மானத்தில் முக்கால்வாசியும் போயின.

தேவாரம் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். அதற்கு வண்டி போகிற பாதை, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் முருகேசனின் திராட்சைத் தோட்டத்தின் ஓரமாகப் போகிறது. திடீரென்று அவர் பாதையின் குறுக்கே கம்பிவேலி கட்டிவிட்டார். வாழைத்தார் வெட்டப் பத்தே நாள் இருந்தது. வண்டி உள்ளே வராவிட்டால் வியாபாரி எடுக்க மாட்டார். ஒரு வருஷப் பாடு மரத்திலேயே பழுத்து அணிலுக்குப் போகும்.

முருகேசனிடம் நேரில் கேட்டிருக்கலாம். (ஆம்பளைகள் முன்னால் நின்று பேச எனக்கு வாய் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.) என் வீட்டுக்காரரோ பங்காளியிடம் நானா போவது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

உத்தமபாளையத்தில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் மேசை போட்டு, இலவசமாக ஆலோசனை சொல்லி மனு எழுதித் தருவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். யாழினி என்ற மாணவி ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பேராசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு இதுல என்னம்மா கெடைக்கும்?” என்றேன்.

“எங்களுக்கு இதுதான் பாடமே. மார்க் உண்டுக்கா.”

சந்தேகம் இரட்டிப்பானது. நான் தோற்றாலும் இவளுக்கு மார்க் வருமே. போதாததற்கு, கடைசியாக முருகேசன் தோட்டத்துக்கு வழி கேட்டாள். மறுநாள் காலையில் அவரையும் பார்த்துப் பேசப் போகிறார்களாம். சரிதான், பிள்ளைகள் விலை போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினேன். (அந்த ஆளை அவர்கள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.)

மறுநாள் அவர்களுக்கு முன்பே போய், முருகேசனின் பந்தலுக்குள் குனிந்து புகுந்து, மோட்டார் ரூமை ஒட்டிக் குத்தவைத்துவிட்டேன். யாழினியும் இன்னொரு மாணவனும் வந்தார்கள். முருகேசன் டீ கொடுத்தார். அவர்கள் குடித்த ஒவ்வொரு மடக்கையும் கணக்கில் வைத்தேன்.

பிறகு முருகேசன் குரல் கேட்டது. “ஆடு பூருதுன்னு கம்பி கட்டுனேன். மதினி ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவுத்து விட்டிருப்பேன். என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம வக்கீலத் தேடிப் போயிருக்காக. கம்பி அங்கனயே கெடக்கட்டும்.”

எனக்குப் பகீரென்றது. அதே நேரம் பந்தலின் மறுமுனையில் மருந்தடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து வரிசை வரிசையாக என்னை நோக்கி வந்தது. வெளியே போனால் மானம் போகும், இருந்தால் சேலை போகும். சேலை போகட்டும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தும்மல்தான் அடங்கவில்லை.

“அண்ணே, பன்னி!” என்று கத்தினார் மருந்தடித்தவர்.

முருகேசன் கம்போடு ஓடி வந்தார். பந்தலுக்கடியிலிருந்து நாலு காலில் வெளியே வந்தேன், தலைமுதல் கால்வரை நீலமாக. மாணவன் இரண்டடி பின்வாங்கினான்.

“மதினி, இங்கன என்ன செய்றீக?”

அன்றுதான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “தார் வெட்டணும். பாதை வேணும்.” அதற்குமேல் வரவில்லை.

கம்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் தானே போய்க் கம்பியை அவிழ்த்தார். அங்கேயே யாழினி ஒப்பந்தம் எழுதினாள்: ஆடு வராமல் ஒரு கேட், ஆளுக்கொரு சாவி. கல்லூரிக்கான அறிக்கையில், ‘இட ஆய்வின்போது மனுதாரரும் உடனிருந்தார்’ என்று சேர்த்தாள். என்ன நிறத்தில் என்று எழுதவில்லை. தங்கமான பெண்.

அந்த வருஷம் தார் முழுதும் வண்டி ஏறியது. இன்றைக்கும் முருகேசன் மருந்தடிக்கும் முன் பந்தலைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, “மதினி, உள்ள இருந்தாச் சொல்லிருங்க” என்பார்.

“இன்னைக்கி வெளியதான் இருக்கேன்” என்று வாழைக்குள்ளிருந்து நானும் சத்தமாகவே சொல்கிறேன்.