நாலுகாலா, ஒற்றைத்தூணா?

ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. எல்லா அலுவலகங்களிலும் தென்படும். நான் கூர்ந்து கவனித்த உருப்படி ஒரு பொறியாளர். மின்சாரத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் கம்பிகளுக்குக் கோபுரம் தேர்ந்தெடுப்பவர். தேர்ந்தெடுக்கத்தான் சம்பளம். அதை மட்டும் செய்ய மாட்டார்.

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரி, ஜெனரேட்டரை நம்பி ஓடுகிறது. அதற்கு மின்சாரம் போக இக்கரையில் ஒரு கோபுரம் வேண்டும். காலை விரித்து நிற்கும் நாலுகால் கோபுரமா, ஒற்றைத்தூண் கோபுரமா? நாலுகால் மலிவு, இடத்தை அடைக்கும். ஒற்றைத்தூணுக்குக் கையகல இடம் போதும், விலை நெஞ்சை அடைக்கும். நீங்களும் நானும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவோம். அவரோ மேஜையை மறைக்கும் அட்டவணை போட்டு, காற்று, துரு, மண், பறவை கூடு கட்டும் வசதி என்று கட்டத்துக்கு மேல் கட்டம் சேர்த்து, மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்து, தப்பித்தவறி ஒன்று ஜெயித்துவிட்டால் பதறிப்போய் இன்னொரு கட்டம் சேர்த்து இரண்டையும் சமமாக்கிவிடுவார்.

வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன் செய்வார்.

"சார், ஏதாவது ஒண்ணை நட்டுத் தொலைங்களேன். நேத்து பாதி ஆபரேஷன்ல ஜெனரேட்டர் நின்னுபோச்சு. டார்ச் வெளிச்சத்துல தையல் போட்டேன்."

"உங்களுக்காகத்தாம்மா இவ்வளவு பாடுபடறேன். தப்பா நட்டுட்டா அப்புறம் பிடுங்க முடியுமா?"

போனை வைத்துவிட்டு அட்டவணையில் இன்னொரு கட்டம் போட்டார்; பக்கத்து மேஜையிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து இடத்தைப் பார்க்கப் போனோம். முடிவு சொல்லாதவருக்காக எந்த நிலக்காரர் காத்திருப்பார்? விற்றுவிட்டார். வாங்கியவர் இருபுறமும் கிடங்கு கட்டியிருந்தார். நடுவில் மிச்சம், ஒரு தூண் நிற்கும் இடம்.

அசடு வழிவார் என்று பார்த்தேன். முகமெல்லாம் பல்!

"பாத்தீங்களா? அன்னைக்கே அவசரப்பட்டு நாலுகால்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கே விளக்கு எரிந்திருக்கும்.

ஒற்றைத்தூண் எழுந்தது, மின்சாரமும் வந்தது. டாக்டரம்மா நேரில் போய் நன்றி சொன்னது கிடங்குக்காரருக்கு.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த முடிவை நீங்கள்தான் எடுத்தீர்களா, இல்லை நீங்கள் இழுத்தடித்ததில் அதுவே வந்து விழுந்ததா? அதுவரை யார் காத்துக்கிடந்தார்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அவசரமே இல்லை.