மகரத்துக்குத் தாடி

என் முதல் கவிதை அச்சில் வந்த அன்று எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸ் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) திறக்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லீவே போடாத என் அப்பா, உடம்புக்கு முடியவில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டுக்கும் காரணம் நான்தான். இப்போது எனக்கு இரண்டு தொகுப்புகள் வந்துவிட்டன, கூட்டங்களில் கூப்பிட்டுச் சால்வையெல்லாம் போடுகிறார்கள் (அதில் ஒன்றை என் மனைவி மிக்ஸிக்கு உறையாகத் தைத்துவிட்டாள்). ஆனாலும் அந்த ஒரு நாளைப் போல என் எழுத்து மக்களைப் பாதித்தது அதற்குப் பிறகு இல்லை.

அப்போது கல்லூரியில் வேதியியல் கடைசி வருஷம். வீடு திருத்தங்கல்லில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிறுவர்களுக்கு வேதபாடமும் எடுப்பார். அம்மா நர்ஸ். பி.எட். முடித்துவிட்டு நானும் சாக்பீஸ் பிடிக்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். தமிழ் எம்.ஏ. படித்துக் கவிஞனாக வேண்டும் என்பது என்னுடையது. பல நாள் சண்டைக்குப் பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஒரே ஒரு கவிதை அச்சுல வரட்டும்லே. அன்னைக்கே ஒனக்கு எம்.ஏ.க்கு ஃபார்ம் வாங்கித் தாரேன். வரலைன்னா வாய மூடிக்கிட்டு பி.எட்."

அச்சுக்குப் பஞ்சமான ஊரா எங்கள் ஊர்? சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சிவகாசிப் பக்கம் கவிதை வெளியிடுவது எப்படி என்று கேட்டுப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் விசாரித்த அத்தனை பேரும் எந்தப் பேப்பர், எந்த சைஸ், சிங்கிள் கலரா மல்டி கலரா, லேமினேஷன் உண்டா என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். கவிதை என்ன கவிதை என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எழுதுகிறவன் யாரும் கிடையாது, ஆர்டர் கொடுக்கிறவன்தான் உண்டு. பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தன. கையெழுத்துப் புரியாததால்தான் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் (கவிதை புரிந்ததால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்பது பின்னால் தெரிந்தது).

கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினால் போட்டுவிடுவார்கள் என்று முடிவுகட்டி, சிவகாசியில் இருந்த எஸ்தர் மைனியிடம் போனேன். என் அண்ணன் மனைவி. ஒரு காலண்டர் கம்பெனியில் டைப் அடித்துப் பக்கம் வைக்கிற வேலை. அது தினசரி காலண்டர் ஓடுகிற சீசன். மைனி சோறு தின்னக்கூட எழுந்திருக்காத நேரம். ஆனாலும் கொழுந்தன் கேட்டால் மறுக்க மாட்டார். "குடுத்துட்டுப் போங்க தம்பி, வேலைக்கு நடுவுல அடிச்சு வைக்கேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் கவிதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிக்கு ஒரே ஒரு சொல். அப்படி எழுதுவதுதான் நவீனம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பொருள் காதல். என் காதல் அனுபவம் என்பது, டவுன் பஸ்ஸில் ஒரு பெண் டிக்கெட் காசை என் கையில் கொடுத்து முன்னால் பாஸ் பண்ணச் சொன்னது மட்டும்தான். அதிலிருந்து பார்வையில் ஆரம்பித்து மரணம் வரைக்கும் போய்விட்டேன். அடியில் புனைபெயர், நெருப்புநேசன். (பட்டாசு ஊரில் இப்படி ஒரு பெயர் வைத்தவனை எந்த ஆபீஸ் வாசலிலாவது நிற்க விடுவார்களா?) மைனி அழகாக அடித்துக் கொடுத்தார். அதை அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

தை மாதம் ஒரு முகூர்த்த நாள். காலையில் எழுந்தால் வீடு அமைதியாக இருந்தது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தலைமாட்டில் வேதாகமம். காய்ச்சலாம், தொந்தரவு செய்யாதே என்றார் அம்மா. தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லையே என்று அவருக்கே சந்தேகம். நான் காபியை வாங்கிக்கொண்டு அடுக்களையில் நின்றேன். அங்கே பலசரக்குக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கும். வேதக்காரர் வீட்டில் அதைப் பார்ப்பது தேதிக்கும் பால் கணக்குக்கும்தான். ராசிபலன் பக்கம் யாருடைய கண்ணும் போகக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். என் கண் அன்று எப்படியோ போனது.

மேஷம் – பார்வை
ரிஷபம் – புன்னகை
மிதுனம் – தயக்கம்
கடகம் – தவிப்பு
சிம்மம் – மௌனம்
கன்னி – முத்தம்
துலாம் – பயம்
விருச்சிகம் – பிரிவு
தனுசு – கண்ணீர்
மகரம் – தாடி
கும்பம் – கனவு
மீனம் – மரணம்

காபி சட்டையில் கொட்டியது. என் கவிதை! அச்சில்! கலரில்! ராசிகளின் பெயர் ஏன் முன்னால் நிற்கிறது என்றெல்லாம் அந்த நிமிஷம் நான் யோசிக்கவில்லை. என் கண் தேடியது ஒன்றைத்தான், நெருப்புநேசனை. ராகு காலத்துக்குக் கீழே தேடினேன், சந்திராஷ்டமத்துக்குப் பக்கத்தில் தேடினேன், தாளைத் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தேன். இல்லை. பெயர் இல்லாமல் அப்பாவிடம் காட்டினால் எவன் எழுதினதோ என்று சொல்லிவிடுவார். எம்.ஏ. போச்சு. சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு மிதித்தேன்.

வழியெல்லாம் என் கவிதை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில், சலூனில், லாரி புக்கிங் ஆபீஸில். மேலே கடைப் பெயர் மட்டும் மாறும், கீழே தாள் ஒன்றுதான். சலூன்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மகர ராசிக்காரர் யாராவது வந்தால் ஷேவிங் பண்ணலாமா கூடாதா என்று கடையில் இருந்தவர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு விம்மியது. அது நான் எழுதியது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கம்பெனி வாசலில் கூட்டம். உள்ளே முதலாளி, அவருக்கு எதிரே வேர்த்து விறுவிறுத்து ஒரு பட்டாசு ஆபீஸ் அண்ணாச்சி, ஓரத்தில் தலை குனிந்து எஸ்தர் மைனி. என்னைப் பார்த்ததும் மைனி கண்ணாலேயே போ போ என்று சாடை காட்டினார். வாங்க என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நேரே போய் மேஜையில் இருந்த காலண்டரைக் காட்டி, இந்தக் கவிதை என்னுடையது, என் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

நடந்ததெல்லாம் அரைகுறையாக வெளியே வந்தது. தனியாக ஒரு பக்கம் திறக்க நேரமில்லாமல், தினசரித் தாளின் ஓரத்திலேயே மைனி என் கவிதையை அடித்திருக்கிறார். எனக்குப் பிரிண்ட் எடுத்துவிட்டு அழிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர் பார்த்தால், அந்தத் தேதிக்குப் பலன் கட்டம் காலி. ஓரத்தில் பன்னிரண்டு சொற்கள். ராசியும் பன்னிரண்டு. சீசன் நேரத்தில் அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்? சொற்களைத் தூக்கிக் கட்டத்தில் வைத்து, நெருப்புநேசனைத் தேவையில்லாத மேட்டர் என்று அழித்துவிட்டார். பிழை திருத்துபவர் 'மவுன'த்தை 'மௌனம்' ஆக்கியதோடு சரி. கிரகங்கள் சொன்னதைத் திருத்த அவர் யார்? என் கவிதையைத் திருத்திய முதல் ஆசிரியர் அவர்தான்.

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷாவருஷம் தன் ஆபீஸ் பெயர் போட்டுக் காலண்டர் அடித்து ஏஜென்டுகளுக்குக் கொடுப்பவர். அவருடைய ராசி மீனம். விடிந்ததும் தன் பெயர் போட்ட காலண்டரிலேயே அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறார். உடனே ஆபீஸ் கேட்டுக்குப் போய் நின்று, வந்த அத்தனை பேரையும் இன்றைக்கு லீவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"மரணம்னு எழுதுனது நீயா தம்பி?"

அதுதான் கவிதையின் உச்சம் என்றேன்.

"அதக் கேக்கல. நல்லா யோசிச்சுச் சொல்லு. நீயாத்தான் எழுதுனியா? கெரகத்தப் பாத்து யாரும் கணிச்சுத் தரலையே?"

"சத்தியமா நான்தான் அண்ணாச்சி. கெரகத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாங்க வேதக்காரங்க."

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. எழுதும்போது அந்தச் சொல் எனக்கு நல்ல ஒரு கடைசி வரி, அவ்வளவுதான். பட்டாசு மருந்து இடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன், அந்தத் தொழிலில் இருப்பவர் காலையில் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன்.

"விடு. லீவு விட்டதும் எங்க ஆபீஸ் பொம்பளைகள்லாம் வேன் பிடிச்சு இருக்கங்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கெளம்பிட்டாக. ஆத்தாவே கூப்பிட்டான்னு வச்சுக்கிடுவோம்" என்றவர் மைனியைக் காட்டி முதலாளி பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டிராதீக."

மைனி அப்போதுதான் மூச்சு விட்டார். சும்மா இருந்தேனா நான்? என் பெயருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று முதலாளியிடம் மறுபடியும் கேட்டேன். அடுத்த வருஷம் எமகண்டத்துக்குப் பக்கத்தில் போடுகிறேன் என்று சொல்லி வெளியே அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அப்பா கதவருகே போர்வையோடு வந்து நின்றார்.

"ஏலே, அந்த மரணம் நீ எழுதுனதா?"

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கமே பாக்க மாட்டீகளே?"

அப்பா காலண்டரைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள், காதில் விழும் என்று இழுத்தார். அப்படியே காதில் விழுந்ததில், தான் மீனம் என்று எப்படியோ தெரிந்துவிட்டதாம். வேதபாடம் நடத்துகிற மனிதர் ராசிக்குப் பயந்து காலையிலிருந்து போர்வைக்குள் கிடந்திருக்கிறார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சரி, அப்ப நான் என்ன ராசி என்று கேட்டார்.

"மகரம்," என்றார் அப்பா, யோசிக்காமலேயே.

அம்மா காலண்டரைக் கிட்டே போய்ப் படித்தார். "எனக்குத் தாடியா?"

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பாவின் காய்ச்சல் ஓடிவிட்டது. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் எம்.ஏ.க்கு ஃபார்ம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். காலண்டர்ல என் பேர் வரலையேப்பா என்றேன். "எவன் எழுதுனான்னு எனக்குத் தெரியும்ல" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் சிடுசிடுத்தால், விடு, மகரத்துக்குத் தாடி என்போம். அம்மாவே சொல்வார். அப்பா ரிட்டயர் ஆகி, இப்போது நான் எழுதுவதையெல்லாம் அவர்தான் முதலில் படிக்கிறார். போன வாரம் புதிதாக ஒன்றை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல நேராகக் கடைசி வரிக்குப் போனார். அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் உசுரோடதான் இருக்காக" என்று சொல்லிவிட்டு முதல் வரிக்கு வந்தார்.