ஓரச்சீட்டு அண்ணனும் சரசுவின் காதும்

கோயமுத்தூரில் நாடகமே பார்க்காதவர்களைக்கூட ஓரச்சீட்டு அண்ணன் மன்னித்துவிடுவார். முழு விலை கொடுத்துப் பார்த்தவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டார்.

காந்திபுரத்தில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் குடி. சொந்தப் பெயர் என்னவோ, வாடகை வாங்குகிறவருக்கே மறந்துவிட்டது. எந்த அரங்கில் எந்த மூலை விலை குறைவு, அங்கே எது மறைக்கும், எந்த மின்விசிறி சுற்றாது என்பதெல்லாம் அத்துப்படி. "நடுச்சீட்டு வாங்கறவன் நாடகம் பாக்க வர்றதில்லீங்க. அவன நாலு பேரு பாக்கோணும்னு வாரான்" என்பார்.

செல்போனில் டிக்கெட் எடுத்தால் வசதிக் கட்டணம் என்று ஒன்று சேர்கிறதல்லவா? அதில்தான் அவருக்கு ஆத்திரம்.

"சீட்டுக்குக் காசு, சரிங்க. வசதி எங்கீங்க குடுத்தான்? எங்கூட்டுச் சேர்ல உக்காந்து, எங்கூட்டுக் கரண்ட்ல, எம்பட வெரல்ல அமுத்தறேன். நாயமாப் பாத்தா அவனல்லொ எனக்குக் குடுக்கோணும்?"

அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, டவுன் பஸ் மாறி மாறி அரங்கத்துக்கே போய் டிக்கெட் வாங்குவார். பஸ் செலவை அவர் கணக்கில் சேர்த்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி சரசுவுக்கு இடது காது கேட்காது. வலது காதில் பாதிதான். கூட்டத்தில் அவள் சிரிப்பதென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான். நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள். அண்ணன் தம்பிகள் வீட்டைப் பங்கு பிரிக்கும் சிரிப்பு நாடகம் ஒன்று, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மூருக்கு வருவதாக நோட்டீஸில் பார்த்தாள்.

"ஒருதடவையாச்சும் நானே கேட்டுச் சிரிக்கோணுமுங்க" என்றாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தைப் பார்த்தாலே, எதற்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதுபோல நடுங்குவேன். முன்வரிசை விலை கட்டாது. பின்வரிசையில் அவளுக்குக் கேட்காது. மழை வந்தால்? பஸ் வராவிட்டால்? கேட்காமல் அவள் அழுதுவிட்டால்? அண்ணனிடம் போய் நின்றேன்.

"முன்னாலயும் உக்காரோணும், வெலையும் கொறச்சலா வேணுமுங்ளா? எரும வேணும், சாணி வேண்டாமுங்கறீங்க. உடுங்க, பாத்துபோடலாம்."

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். தன் இடது காதில் பஞ்சை நன்றாக அடைத்தார். வலது காதில் பாதி. காவலாளியை மேடையில் ஏற்றி, "வாய்க்கு வந்ததப் பேசுங்க" என்றார். பாவம், அவர் வாய்க்கு வந்தது மாமியார் வீட்டுச் சண்டை. அண்ணன் ஒவ்வொரு சீட்டாக மாறி உட்கார்ந்து, "மாமியா என்ன சொன்னாங்க? இன்னொருக்காச் சொல்லுங்க!" என்று கத்த, காவலாளி அழுதேவிட்டார்.

இரண்டாம் வரிசை, இடது கோடி. எதிரே பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி மேடையைக் கொஞ்சம் மறைக்கும். அதனால் விலை குறைவு.

"தேம்பறதுகோடக் கேக்குதுங்க!" அண்ணன் துள்ளிவிட்டார். "மத்தவீங்களுக்கு இந்தப் பொட்டி எடஞ்சல். நம்ம அம்மணிக்கு வரமுங்க!"

வரிசையாக மூன்று டிக்கெட் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், சரசுவின் சீட்டில் உடுமலைப்பேட்டைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, இது எங்க சீட்டுங்க" என்றார் அண்ணன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நம்மூர் நாக்கு நிற்குமா? "பரவால்லீங்க, உக்காருங்க."

பெரியவர் பதறி எழுந்தார். "அய்யோ, தெரியாம உக்காந்துபோட்டனுங்க. நீங்க உக்காருங்க."

"இல்லீங்க, உக்காந்தவீங்கள எழுப்பறது நாயமில்லீங்க."

"அடுத்தவீங்க சீட்டுல உக்காந்தா எனக்கு மனசு உறுத்தாதுங்ளா? நீங்க உக்காருங்க."

விளக்கு அணைந்தது. திரை விலகியது. இருவரும் கைகூப்பி நின்றபடியே இருந்தார்கள். மேடையில் அப்பா வேடம் போட்டவர் வசனத்தை நிறுத்தி, "ஏனுங்க, நீங்க அந்தச் சீட்டப் பங்கு பிரிச்சு முடிச்சா, நாங்க ஊட்டப் பிரிக்க ஆரம்பிப்போமுங்க" என்றார். அரங்கமே அதிர்ந்தது.

இந்தச் சந்தடியில் சரசு போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பெரியவருக்கு முழங்கால் வலி. அவர் சீட்டோ கடைசி வரிசை. அண்ணன் தன் சீட்டில் அவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்துப் படியில் குந்தினார்.

நான் மழையைப் பற்றியும் கடைசி பஸ்ஸைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. சரசு! என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்ன வசனமென்று தெரியாமல், அவள் முகத்தைப் பார்த்து நான் சிரித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, "கதை எப்படீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"கதைய ஆரு கண்டா? அம்மணிக்குக் கேக்குதான்னு மொகத்தையே பாத்துட்டிருந்தனுங்க."

இப்போது அண்ணன் அவிநாசியில் மகள் வீட்டில் இருக்கிறார். எந்த நாடக நோட்டீஸைக் காட்டினாலும் சரசு என்ன கதை, யார் நடிப்பு என்று கேட்பதில்லை. "அண்ணன் வாராருங்ளா?" என்றுதான் கேட்கிறாள்.