நீல ஸ்டிக்கர் விவகாரமும் என் நாற்காலி விண்ணப்பமும்

அன்பும் அறிவும் முன்வழுக்கையும் ஒருங்கே அமைந்த மாமா அவர்களுக்கு,

இதனால் உலகத்தாருக்கும் குறிப்பாகத் தங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று மாலை முதல் என் சட்டைப்பையில் ஒரு விசிட்டிங் கார்டு குடியேறியுள்ளது. லிஃப்ட் கம்பெனி முதலாளியம்மாவுடையது. மற்றபடி இங்கு அனைவரும் நலம், என் வயிறு ஒன்றைத் தவிர. அது எரிகிறது. பற்றவைத்தவன் உங்கள் இன்னொரு மருமகன், பெரியம்மா பெற்ற பிள்ளை, நான் பட்டப்பெயர் வைத்திருக்கும் இஸ்திரி.

கட்டடத் தொழில்காரர்கள் கூடும் அந்த நெட்வொர்க்கிங் மீட்டிங்குக்கு எங்கள் இருவரையும் அனுப்பி, உருப்படியான ஒருத்தரை யார் பழக்கம் பிடித்து வருகிறானோ அவனுக்குத்தான் லீவில் உங்கள் டிராயிங் ஆபீஸில் நாற்காலி என்று சொன்னீர்கள் அல்லவா, அன்றிலிருந்தே அவன் கண்ணாடி முன் நின்று கைகுலுக்கிப் பழகினான். சட்டையில் மடிப்பு கிடையாது, பேச்சில் மடிப்பு கிடையாது, ஓடி பஸ் பிடித்தாலும் தலைமுடி கலையாது. இவனை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி மாமா நிம்மதியா இருக்கறது?

வாசலில் எல்லோருக்கும் பெயர் அட்டை கொடுத்தார்கள். வேலை கொடுப்பவர் என்றால் அட்டையில் நீல ஸ்டிக்கர், தேடுபவர் என்றால் மஞ்சள். எங்களுக்கு மஞ்சள். ஆனால் யாரோ ஒரு விஷமி, யாரென்று இன்றுவரை துப்பு கிடைக்கவில்லை, இஸ்திரி அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரம் பார்த்து அவன் அட்டையில் நீலத்தை ஒட்டிவிட்டான். அவ்வளவுதான், வேலை தேடி வந்த வெல்டர், டைல்ஸ் ஒட்டுபவர், நேற்றுப் படித்து முடித்த இன்ஜினியர்கள் எல்லோரும் அவனை மொய்த்துவிட்டார்கள். இனி ஒரு முதலாளிகூட அவன் கிட்ட நெருங்க முடியாது என்று நான், அதாவது அந்த விஷமி, நிம்மதியாக டீ பிடிக்கப் போயிருப்பான்.

நடந்தது என்ன தெரியுமா? இஸ்திரி, "நானும் வேலை தேடித்தான் வந்திருக்கேன்" என்று அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு, ஒவ்வொருவருக்கும் என்ன வேலை தெரியும் என்று கேட்டுக்கொண்டே நின்றான். கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. இந்தப் பெரிய மனுஷன் யாரென்று பார்க்க முதலாளிகளே கிளம்பி வந்தார்கள். லிஃப்ட் கம்பெனி அம்மா, "தம்பி, நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்க, "கம்பெனியெல்லாம் இல்லைங்க மேடம், ஸ்டிக்கர் மாறிடுச்சு. உங்களுக்கு வெல்டர் வேணுமா? இதோ இவர் இருக்கார்" என்றான். அங்கேயே அந்த வெல்டருக்கு வேலை கிடைத்தது. எனக்கு டீ மெஷினோடு மட்டும்தான் நெருக்கமான பழக்கம் ஏற்பட்டது. அது சூடாக இருந்தது, நான் அதைவிடச் சூடாக இருந்தேன்.

ஆனாலும் மனம் தளரவில்லை. சற்று நேரத்தில் அதே அம்மா நேராக என்னிடம் வந்தார். அவரே முதலில் பேசினார். நானும் தள்ளி நின்று மரியாதை காட்டினேன். கார்டு என் பையில் இருக்கிறது. எனவே நாற்காலி யாருக்கு என்பதை நியாயஸ்தரான தங்கள் முடிவுக்கே விடுகிறேன். கொஞ்சம் உயரமான நாற்காலியாக இருந்தால் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம், தங்கள் தலையில் மிச்சமிருப்பவற்றுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
தங்கள் ஒரிஜினல் மருமகன்

பி.கு.: அந்த அம்மா என்னிடம் பேசியது, "கொஞ்சம் தள்ளிக்கப்பா, சர்க்கரை எடுக்கணும்" என்பதுதான். கார்டு இஸ்திரிக்குக் கொடுத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "நீயே வாங்கினதா மாமாகிட்ட சொல்லிக்கோடா" என்று என் பையில் செருகிவிட்டான். அப்புறம், "ஸ்டிக்கர் ஒட்டினது நீதானே?" என்றான். இல்லை என்றேன். "சரி, ஒட்டினவனைப் பார்த்தா தேங்க்ஸ் சொல்லிடு" என்று சிரித்தான். இப்படி இருக்கிறவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது மாமா. நாற்காலியை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட இடம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.