மூன்று பிழைகள்

“யாருக்காவது ஐயம் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் காத்திருந்தார்.

வகுப்பு முழுவதும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். முன்வரிசைக்காரன் ‘யாருக்காவது ஐயம் உண்டா?’ என்பதையும் எழுதி அடிக்கோடிட்டிருந்தான்.

பொறியியல் மாணவர்களுக்குச் சிந்திக்கக் கற்பிப்பதே அவருடைய பாடம். எதனையும் ஏன் என்று கேட்கவேண்டும், ஆதாரமின்றி நம்பலாகாது, சொல்பவர் யாராயினும் தவறு தவறே. இவற்றை அவர் விளக்கியபோது எல்லாரும் ஒருமித்துத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. சிக்கலே அதுதான்.

ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு பிள்ளை எழுந்து நின்று, “இல்லை சார்” என்று சொல்லக் கேட்டுவிடவேண்டும். அவர் ஏங்கியது அவ்வளவுக்குத்தான். பாடம் முடிந்த பின்னரும் கரும்பலகையைத் துடைக்காமல் சற்று நிற்பார். படியிறங்கும்போது பின்னால் காலடியோசை கேட்டால் நடையைத் தளர்த்துவார். காலடி அவரைக் கடந்து சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போய்விடும்.

“இதுக்கா இவ்வளவு ஏக்கம்? நான்தான் தினமும் இல்லைன்னு சொல்றேனே!” என்றாள் மனைவி.

“நீ சொல்றது வேற.”

“என்ன வேற? நானும் ஆதாரத்தோடதான் சொல்றேன்.”

துறைத்தலைவர் வேறு நெருக்கினார். “கேள்வியே வராத வகுப்புக்குத் தனி நேரம் எதுக்கு சார்? மாசக் கடைசியில நானே வந்து உக்கார்றேன். ஒருத்தராவது வாயைத் திறக்கணும். இல்லேன்னா அந்த நேரத்தைக் கணினிப் பாடத்துக்குக் குடுத்துடுவேன்.”

மறுநாளே, கேள்வி கேட்பவர்களுக்கு மதிப்பெண் உண்டு என்று பேராசிரியர் அறிவித்தார். கைகள் காடுபோல் எழுந்தன.

“சார், இது தேர்வுக்கு வருமா?”

“எத்தனை பக்கம் எழுதணும் சார்?”

“சார், நான் கேட்டதைக் குறிச்சுக்கிட்டீங்களா?”

அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிறகுதான் அந்த உபாயம் தோன்றியது. வேண்டுமென்றே பிழையாக நடத்துவது! சுவரில் ஒருமுனை பதித்த விட்டத்தை வரைந்தார். பாரம் ஏற்றினால் அது சுவரோரத்தில் முறியாது, அந்தரத்திலுள்ள நுனியில்தான் முறியும் என்றார். சொல்லும்போதே நாக்குக் கூசியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுதினார்கள்.

மறுவாரம், தண்டவாளம் வெயிலில் சுருங்கும் என்றார். வகுப்புத்தலைவன் எழுந்தான். பேராசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை நோக்கித் திரும்பினார்.

“சார்... உக்காந்து நடத்துங்களேன்” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

அதற்கடுத்த வாரம் துணிந்துவிட்டார். தண்ணீர்த்தொட்டியை நிலத்தடியில் வைத்தால் போதும், மாடிக்குத் தானாக ஏறிவிடும் என்றார். அந்தப் படத்தை அவர்கள் வண்ணப் பென்சிலால் வரைந்தார்கள். வகுப்பு முடிந்ததும் ஒருவன் அவர் பையை வாங்கிக்கொண்டான். மற்றொருவன் முழங்கையைத் தாங்கிப் படியிறக்கினான்.

“நான் கேட்டது கேள்வி! இவங்க குடுக்கிறது நாற்காலி!” என்று வீட்டில் பொருமினார். “தொட்டி தலைகீழா இருந்தா என்ன, உலகமே தலைகீழா இருந்தா என்ன! குனிஞ்ச தலை நிமிராது.”

துறைத்தலைவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய மாலை, கதவைத் திறந்த மனைவியின் முகமே சரியில்லை.

“உங்க பசங்க வந்திருந்தாங்க. உக்கார நாற்காலி போதல.”

“என்னவாம்?”

“உங்களுக்கு என்ன உடம்புன்னு கேட்டாங்க. தப்புத்தப்பா நடத்துறீங்களாமே! முதல்ல தங்களுக்குத்தான் புரியலையோன்னு புத்தகத்தைப் பாத்தாங்களாம். அதையும் நம்பாம, ஆய்வுக்கூடத்துல கம்பியைச் சுவத்துல சொருகி, பாரத்தைத் தொங்கவிட்டே பாத்துட்டாங்களாம். தூக்கம் இல்லையா, கண்ணாடி மாத்தணுமா, வீட்டுல சண்டையான்னு என்னையே ஒவ்வொண்ணா விசாரிச்சுக் கழிச்சாங்க. கடைசியில மறதிதான்னு முடிவு கட்டிட்டாங்க. உங்க மனசு நோகுமேன்னுதான் வகுப்புல வாயைத் திறக்கலையாம்.” அவள் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். “நல்ல டாக்டர் யாருன்னும் சொல்லிட்டுப் போனாங்க.”

பேராசிரியர் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது. “கம்பியைச் சொருகிப் பாத்தாங்களா? அவங்களாவே?” என்று மீண்டும் மீண்டும் கேட்டார். பிறகு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நாளாக அவர் காத்திருந்த கேள்விகள் அத்தனையும் பிறந்திருக்கின்றன, அவர் இல்லாத இடத்தில்!

மறுநாள் துறைத்தலைவர் பின்சுவரோரம் அமர்ந்திருந்தார். பேராசிரியர் வகுப்பை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு மறதி இல்லப்பா. எல்லாம் வேணும்னே சொன்னதுதான். விட்டம், தண்டவாளம், தண்ணித்தொட்டி, மொத்தம் மூணு தப்பு. அழகாக் கண்டுபிடிச்சுட்டீங்க. ஆனா முகத்துக்கு நேரா ஒருத்தர்கூடச் சொல்லலையே! இனிமே சொல்லணும். சரியா?”

எல்லாரும் ஒருமித்துத் தலையாட்டினார்கள். துறைத்தலைவர் பெருமூச்செறிந்து பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

அப்போது, ஆண்டு முழுவதும் வாய் திறந்திராத கடைசி வரிசைப் பெண் பெஞ்சைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“இல்லை சார்,” என்றாள். “மொத்தம் நாலு.”