தாராசுரத்தில் ஒடிந்த ஆக்சில்

"அண்ணே, ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடலாம். எந்தப் பக்கம் ஒடிஞ்சிருக்குன்னாவது தெரியணும்ல?" என்றான் மெக்கானிக் பாசித், அம்பாசடரின் அடியிலிருந்து.

"பாக்க என்ன இருக்கு? ஒடிஞ்சிடுச்சுன்னு அப்பா சொன்னாரு. அவர் சொன்னதை நீ ஜாக்கி போட்டுச் சரிபாப்பியா? பின் ஆக்சிலை மொத்தமா மாத்து" என்றார் பஞ்சநதம்.

அப்பா போய் ஐந்து வருஷமாகியும் அவர் நாற்காலியில் பஞ்சநதம் உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்ட அப்பா. பதினெட்டு வருஷத்துக்கு முன் தங்கை குந்தவை, காதலித்த புகழேந்தியோடு ஊரைவிட்டுக் கிளம்பியபோது, இதே காரில்தான் அரிவாளோடு துரத்திப் போனார். தாராசுரத்தில் ஆக்சில் ஒடிந்தது. ஊரே பார்க்க வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் தள்ளினார்கள். அப்பா அதை மறுபடி தொடவேயில்லை. "ஆக்சில் மட்டும் ஒடியலேன்னா..." என்று பல்லைக் கடிப்பதோடு சரி. அந்தப் பயத்தில் குந்தவை அவர் சாவுக்குக்கூட வரவில்லை.

அடுத்த வாரம் அப்பாவின் திதி. கெஞ்சிக் கூத்தாடி அவளை வரச் சம்மதிக்க வைத்திருந்தார் பஞ்சநதம். "அப்பா கார்லயே தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டு வர்றேம்மா" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். துரத்திய காரே போய் அழைத்து வந்தால்தான் அப்பா மன்னித்த மாதிரி ஆகும் என்பது அவர் எண்ணம்.

பழைய ஆக்சில், பிரிக்கப்படாமலே இரும்புக் கடைக்குப் போனது. திருச்சியிலிருந்து வேறொரு வண்டியின் ஆக்சில் வந்தது. அது ஸ்பிரிங் பட்டையில் உட்கார மறுத்தது.

"தலைகீழாத் திருப்பினா கச்சிதமா உக்காருதுண்ணே" என்றான் பாசித்.

"அப்ப திருப்பு."

திதிக்கு முதல் நாள், ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரம். காரின் முகம் ரோட்டைப் பார்த்திருந்தது. பின்னால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. பஞ்சநதத்தின் மனைவி தர்மாம்பாள் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். பஞ்சநதம் கண்ணில் நீரோடு அப்பாவை வேண்டிக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.

எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. கார் பின்னால் போனது.

"முன்னாடி போங்க!" என்று கத்தினாள் தர்மாம்பாள்.

"முன்னாடிதான்டி போறேன்!" பதறி இரண்டாவது கியரைப் போட்டார். தலைகீழ் ஆக்சிலில் சக்கரங்களும் தலைகீழாகச் சுற்ற, கார் இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

"பிரேக்க மிதிங்கண்ணே! ஐயோ, மிதிக்காதீங்க, அந்தக் குழாயை நான் இன்னும் மாட்டலே!" என்று ஓடினான் பாசித். பஞ்சநதத்தோடு சேர்ந்து கார் வாய்க்காலில் இறங்கியது.

டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுத்தார்கள். பம்பர் மட்டும் கரைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஸ்டேஷனில் காத்திருந்து அலுத்துப்போன குந்தவையும் புகழேந்தியும் இறங்கினார்கள். கூடவே, அந்தக் காலத்தில் அப்பாவுக்கு டிரைவராக இருந்த செல்லதுரை. திதிக்கென்று வேளாங்கண்ணியிலிருந்து வந்தவர், வழியில் அதே ஆட்டோவில் ஏறியிருந்தார்.

குந்தவை வாய்க்காலைப் பார்த்தாள். அண்ணன் இடுப்பளவு சேற்றில் நின்றார். அப்பாவின் கார் மூக்கை மட்டும் வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"ஆக்சில்மா..." என்று காரைக் காட்டினார் பஞ்சநதம்.

அவள் முகம் வெளுத்தது. "அன்னைக்கும் அதானே? நான் வரக்கூடாதுன்னு அப்பாவே நிறுத்துறாருண்ணே. அவருக்கு இன்னும் கோவம் போகலே. நான் கிளம்புறேன்." அழுதுகொண்டே மறுபடி ஆட்டோவில் காலை வைத்தாள். பஞ்சநதம் சேற்றில் நின்றபடியே கையை நீட்டினார். கை எட்டவில்லை. தங்கை இந்தத் தடவை போனால் இனி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

செல்லதுரை ஆட்டோவை மறித்து நின்றார்.

"பாப்பா, அன்னைக்கு ஆக்சில் ஒடியவே இல்லம்மா. தாராசுரத்துல நீங்க போன ஆட்டோ கண்ணுல பட்டதும் அய்யாதான் வண்டிய நிறுத்தச் சொல்லி, 'ஆக்சில் ஒடிஞ்சிடுச்சுன்னு ஊர்ல சொல்லுடா, புள்ள நல்லபடியாப் போயிச் சேரட்டும்'னாரு."